வெறுங்கையோடு ஊர்வலம் போன அந்தோனியார்

புதிதாக உபதேசியார் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, முதலில் வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள். நம் வேலையில் உட்காரக் கிடைப்பதே அபூர்வம். பங்குச்சாமிக்குப் பல கிளைக்கிராமங்கள். பூசையை முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார் என்றால் அடுத்த ஊரில்தான் இறங்குவார். மற்ற நாளெல்லாம் ஊருக்கு நாம்தான். செபம் சொல்ல, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்த, மைக் கரகரத்தால் அதன் தலையில் தட்ட, கீபோர்டு யார் வாசிப்பது என்ற சண்டையை விலக்க, சாவு வீட்டுக்கு முதல் ஆளாக ஓட, எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். சம்பளத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. இது மகிழ்ச்சியான கூட்டம்.

செபம் எப்படிச் சொல்வது, பாட்டை எந்தச் சுருதியில் எடுப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் கைவைக்கவில்லை. உங்கள் தோளில் தொங்கும் பையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதில் செபப்புத்தகம் இருக்கும், தீர்த்த பாட்டில் இருக்கும், மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் இருக்கும். அதற்கும் அடியில், யார் கண்ணுக்கும் தெரியாமல், சில வாக்கியங்கள் கிடக்கும். “எல்லாம் ஆண்டவர் சித்தம்.” “நல்லவங்களத்தான் அவரு சீக்கிரம் கூப்பிட்டுக்குவாரு.” பெரியவர்கள் சாவுக்கு இவை நன்றாகவே வேலை செய்யும். எண்பதைத் தாண்டிய மாமியார் போய்ச் சேர்ந்தால் ஆண்டவர் சித்தம் என்று தைரியமாகச் சொல்லுங்கள், மருமகளே முதல் ஆளாகத் தலையாட்டுவாள். ஆனால் அந்தப் பை எல்லா வீட்டுக்கும் ஆகாது. அதை எனக்குத் தெரியவைத்தவள் சகாயமேரி என்ற தையல்காரப் பெண்.

எங்கள் ஊரை ஆவூருக்கும் குளத்தூருக்கும் நடுவில் ஏதோ ஒரு கிளைக்கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தோனியார் கோயில். பழைய மரச்சுரூபம். வளைந்த இடது கையில் குழந்தை இயேசு உட்கார்ந்திருப்பார், ஆசீர்வதிக்கிற பாவனையில் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு. அந்தோனியாருக்கு நம் ஜனங்கள் கொடுத்திருக்கும் வேலை உங்களுக்குத் தெரியும். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். ஆடு, தோடு, பைக் சாவி, ஆதார் கார்டு, சிங்கப்பூர் போய் போன் எடுக்காத மாப்பிள்ளை என்று ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவருக்கு மனுக்கள் வந்து குவியும். தாலுகா ஆபீசில்கூட அவ்வளவு கூட்டம் இருக்காது.

எங்கள் கோயிலின் நிலைவாசல் குறுகலானது. சுரூபத்தைத் திருவிழாவுக்கு வெளியே எடுக்கும்போது குழந்தையின் தூக்கிய கை நிலையில் இடிக்கும். அதனால் எந்தக் காலத்திலோ ஒரு ஆசாரி, குழந்தையைத் தனியாகக் கழற்றும்படி ஒரு முளையில் பொருத்தி வைத்திருந்தார். இடப்பக்கமாகத் திருகி, கொஞ்சம் தூக்கி, மறுபடி ஒரு அரைத் திருகு. அது உபதேசியாரின் வேலை, திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் செய்வோம். அந்தோனியாரின் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்குகிற காட்சியை ஊர் பார்ப்பது அவ்வளவு நன்றாக இருக்காது, பாருங்கள்.

ஒரு வருடத் திருவிழாவில் அப்படித் திருகிக்கொண்டிருந்தபோது திரைக்குள் ஒரு தலை நுழைந்தது. சகாயமேரியின் மகன் அந்தோணி. ஊரில் பாதிப்பேருக்கு அந்தப் பெயர் என்பதால் இவன் டோனி. யூகேஜி. “அந்தப் பாப்பாவ எறக்கி விடுறீங்களா? வெளாடுறதுக்கா?” என்று கேட்டான். எனக்கு இரண்டு கை போதவில்லை. “இந்தா, கீழ போடாமப் புடி” என்று குழந்தையை அவனிடம் கொடுத்துவிட்டேன். சுரூபம் வெளியே போகும்வரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். திருப்பி வாங்கும்போது, “எப்பயும் ஒக்காந்தே இருந்தா கால் மரத்துப் போகாதா உபதேசியாரே?” என்றான். ஞானோபதேச வகுப்பில் அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.

அந்த மழைக்காலத்தில் டோனிக்குக் காய்ச்சல் வந்தது. திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். சகாயமேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்துகொண்டே எனக்குப் போன் போட்டு, அந்தோனியார் பீடத்தில் மெழுகுவர்த்தி அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். நானும் என் மனைவியும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம், மெழுகுவர்த்தி அணையவில்லை. பையன் திரும்பி வரவில்லை.

ஞானஸ்நானம் பெற்ற சின்னப் பிள்ளை இறந்தால் எங்கள் பக்கம் துக்க மணி அடிப்பதில்லை. பாவமறியாத பிள்ளை நேராக மோட்சம் போய், இறக்கை முளைத்துச் சம்மனசு ஆகிவிடும் என்பது நம்பிக்கை. அதனால் திருவிழாவுக்கு அடிப்பதைப் போல மணியை முழக்குவோம். வெள்ளை உடுப்பு, தலையில் பூமுடி. தாயை அழக் கூடாது என்பார்கள், அழுதால் சம்மனசின் இறக்கை நனைந்து பறக்க முடியாதாம். அன்று ஊர்ப் பெண்கள் எல்லாரும் சகாயமேரியைச் சூழ்ந்துகொண்டு அதையே சொன்னார்கள். நான் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்.

பிறகும் அவள் அழவில்லை. கோயிலுக்கும் வரவில்லை. தையல் மெஷின்மேல் துணியைப் போட்டு மூடிவிட்டாள். அவள் புருசன் ஆரோக்கியராஜ் ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டியில் வேலை பார்ப்பவன். வடக்கே ஏதோ ஊரில் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கும் சத்தத்துக்கு நடுவில் எனக்குப் போன் செய்தான். “உபதேசியாரே, சோறாக்குறா, தண்ணி புடிக்கிறா, கேட்டா பதில் சொல்றா. ஆனா அழுக மாட்டேங்குறா. எனக்குப் பயமா இருக்குங்க. கொஞ்சம் பாத்துக்கங்க” என்றான். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என்னத்தைப் பார்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் மாதம் வந்தது. அந்தோனியார் திருவிழா. கொடியேற்றத்தன்று காலையில் பீடத்தைத் துடைக்கப் போனவன் அண்ணாந்து பார்த்தேன். அந்தோனியார் இருந்தார், குழந்தை இல்லை.

அடுத்த ஒரு மணி நேரம் நடந்ததைச் சொல்ல என் வாய்க்குப் பலம் இல்லை. கோயிலில் கேமரா இருக்கிறதே என்று ஓடினோம். கேமரா உண்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது, ஆண்டவரைப் பார்க்க யாரும் அதற்குச் சொல்லவில்லை. ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புண்ணியவான் “நம் கோயில் குழந்தையைக் காணவில்லை, கண்டவர்கள் தகவல் தரவும்” என்று போட்டுவிட்டான். குவைத்திலிருந்து போன், மலேசியாவிலிருந்து போன். எந்த வீட்டுப் பிள்ளை, என்ன கலர் சட்டை என்று கேள்வி. சட்டை போடவில்லை, மரத்தில் செய்தது என்று சொல்லிச் சொல்லி என் போனில் சார்ஜ் தீர்ந்தது. எங்கள் நாட்டாமை நல்ல மனுசர், ஆனால் கொஞ்சம் போலீஸ் மூளை. பீடத்தின் முன்னால் நின்று தலையில் கைவைத்துக்கொண்டு, “காணாமப் போனா இவருகிட்ட சொல்லலாம். இவருதே காணாமப் போனா யாருகிட்டங்க சொல்றது?” என்றார்.

நான் மட்டும் சுரூபத்தின் கையைப் பார்த்தேன். கீறல் இல்லை. ஓட்டையில் முளை முறிந்து தங்கவில்லை. திருடன் என்றால் பிடித்து இழுத்திருப்பான், மரம் பிளந்திருக்கும். இது இடப்பக்கம் திருகி, தூக்கி, அரைத் திருகு திருகி எடுத்த வேலை. அந்த வித்தை தெரிந்த ஆசாரி இறந்து ரொம்ப நாள் ஆகிறது. எனக்குத் தெரியும். டோனிக்குத் தெரியும். பிரஷ்ஷையும் தண்ணி பாட்டிலையும் வைத்துக்கொண்டு வீட்டில் அம்மாவுக்குச் செய்து காட்டினான் என்று அவளே முன்பு சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

கொடியேற்றம் முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருக்கவில்லை. மூடிக் கிடந்த தையல் மெஷினின் துணி எடுக்கப்பட்டிருந்தது. மெஷின் பலகைமேல் குழந்தை இயேசு உட்கார்ந்திருந்தார். சகாயமேரி டேப்பை வைத்து அவருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க உபதேசியாரே” என்றாள், தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்தவனைக் கூப்பிடுவதைப் போல. “அந்த ஸ்டூல்ல துணி கெடக்கு, அங்கிட்டுத் தள்ளிட்டு உக்காருங்க.”

“என்னம்மா பண்ற?”

“கைய அளக்குறேன். புள்ள ஒத்தக் கையத் தூக்கிக்கிட்டே இருக்கு. சட்டைய மாட்ட முடியல.”

பக்கத்தில் கட்டம் போட்ட யூனிபாரம் துணி கொஞ்சம் கிடந்தது. டோனிக்குத் தைத்ததில் மிச்சம். தெருவில் அந்த வாரம்தான் மறுபடியும் பள்ளிக்கூட வேன் வர ஆரம்பித்திருந்தது. காலையில் அவள் வாசலைத் தாண்டும்போது டிரைவர் ஹாரன் அடிக்காமல் போகிறார் என்று என் மனைவி சொல்லியிருந்தாள்.

“சகாயம், ஊரே தேடுது.”

“தேடட்டுங்க. மரப்புள்ளைக்கு எத்தன பேரு ஓடுறாங்க, பாத்தீங்கள்ல? எம்புள்ளைக்கு எல்லாரும் வாட்ஸ்அப்புல கும்புடுற கைப் படம் போட்டாங்க, அம்புட்டுத்தான்.” டேப்பைச் சுருட்டினாள். “பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நெனச்சிராதீங்க. இது மரந்தான்னு எனக்குத் தெரியும். எத்தன செவ்வாக்கெழம அவரு முன்னாடி முட்டி போட்டிருக்கேன்? ஆட்டைத் தேடிக் குடுத்தாரு, கம்மலத் தேடிக் குடுத்தாரு. எம்புள்ளைய விட்டுட்டாரு. கையில ஒரு புள்ளைய வச்சுக்கிட்டு நிக்கிறவருக்கு எங்கஷ்டம் எப்படிங்க தெரியும்? கொஞ்ச நாளு வெறுங்கையா நிக்கட்டும்.”

நான் பையைத் துழாவினேன், தோளில் இருந்த பையை இல்லை. கைக்கு முதலில் அகப்பட்டது வாய்க்கு வந்தது. “அவன் சம்மனசா...”

“சொல்லாதீங்க.” அவள் குரலை உயர்த்தவில்லை. “அவன் சம்மனசாகணும்னு என்னைக்குமே சொன்னதில்ல. வேன் டிரைவராகணும்னுதான் சொன்னான்.”

தம்பிகளே, நான் நிறைய சாவு வீடுகளைப் பார்த்தவன். அன்றைக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு என் பையில் இருந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதுவும் அந்தப் பெண்ணுக்குப் பொருந்தவில்லை. பேசாமல் எழுந்து வரலாம் என்றால் அதுவும் முடியவில்லை. ஏதாவது சொல்லியே பழகிய வாய். அதனால் கண்முன்னால் இருந்ததைப் பற்றிச் சொன்னேன். “தூக்கின கைப்பக்கம் தோள்லருந்து இடுப்பு வரைக்கும் தைக்காம விட்டு, பட்டன் வச்சுரு. சட்டைய மாட்டிட்டுப் பட்டனைப் போட்டுக்கலாம்.”

அவள் குழந்தையைத் திருப்பிப் பார்த்தாள். “அதுவுஞ் சரிதாங்க” என்றாள். அன்றைக்கு ஆறுதல் சொல்லப் போன நான் உருப்படியாகச் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான்.

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தெரிஞ்சிருச்சா?” என்றாள். இல்லை என்றேன். “சரி, யாருகிட்டயும் சொல்லாதீங்க” என்றாள். இவளிடம் மறைத்து வாழ்கிறேன் என்று நான் அவ்வப்போது நினைத்துக்கொள்வதுண்டு.

நெருக்கடி மறுநாள் வந்தது. நாட்டாமை ஊர்க்கூட்டம் போட்டார். வீட்டுக்கு ஒருவர் வந்து, பீடத்து மெழுகுவர்த்தியைத் தொட்டு, நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். எங்கள் ஊரில் அது பெரிய காரியம். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்லுகிற ஆள்கூட அந்த மெழுகுவர்த்தி முன்னால் உண்மையைக் கக்கிவிடுவான். ஆரோக்கியராஜ் ஊரில் இல்லை, சகாயமேரிதான் வர வேண்டும். அவள் பொய் சொல்ல மாட்டாள். எடுத்தேன் என்பாள். கோயிலில் கைவைத்தவள் என்று ஊர் அவளை மன்னிப்புக் கேட்கச் சொல்லும், அவள் கேட்க மாட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்த வாசலை மிதிக்கவே போவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடமிருந்து கோயிலையும் பறிப்பதற்கு நாங்களே ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். அன்று பங்குச்சாமியும் வந்திருந்தார். வயதில் என் மகனைவிடச் சின்னவர். திருச்சியிலிருந்து பிளாஸ்டர் குழந்தை ஒன்றை வாங்கி வந்து வைத்துவிடலாம் என்பது அவர் யோசனை.

நான் எழுந்தேன். எழுந்தபோது என்ன பேசப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. “ஒரு சந்தேகம்” என்றேன். “நம்ம ஆடு காணாமப் போனா யாருகிட்ட சொல்றோம்?”

“அந்தோனியார்கிட்ட” என்றார்கள்.

“அவரு கண்டுபிடிச்சுக் குடுக்குறாரா, இல்லியா?”

“குடுக்குறாரு.”

“நம்ம ஆட்டையே தேடுறவரு சொந்தக் கைப்புள்ளையத் தேட மாட்டாரா? அவரு டிப்பார்ட்மெண்டுல நாம போயி விசாரண வச்சா அவருக்கு என்ன மரியாத? சத்தியம் வாங்குனோம்னா, ஒங்க மேல நம்பிக்க இல்லைன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி ஆயிரும். ஏங்க நாட்டாமை, ஒங்களுக்கு அவரு மேல நம்பிக்க இல்லியா?”

நாட்டாமையைப் பார்த்து இந்தக் கேள்வியை ஊர் முன்னால் கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார்? “யாரு இல்லைன்னா?” என்று சீறினார். சத்தியம் தள்ளிப்போனது. பிளாஸ்டர் குழந்தையையும் அதே வேகத்தில் தள்ளினேன். நிஜமான பிள்ளை வரும்வரை அந்தோனியார் வெறுங்கையோடு இருக்கட்டும், சப்பரத்திலும் அப்படியே போகட்டும், அவருக்கும் தேடுவதற்கு ஒரு வேகம் வேண்டாமா என்றேன். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. கூட்டம் சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் கலைந்த பிறகு சாமி என்னை ஓரமாக அழைத்துப் போனார். “உபதேசியாரே, ஒங்களுக்கு ஏதோ தெரியுது.”

“சாமி...”

“வேண்டாம், சொல்லாதீங்க. பாவசங்கீர்த்தனத்துலயும் வந்து சொல்லிராதீங்க. அங்க கேட்டத வெளிய சொல்லக் கூடாது, அப்புறம் நான் வாயே தொறக்க முடியாது.” ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, “ஊர்வலத்துக்கு நான் சீக்கிரமே வந்துர்றேன். ஒங்க பக்கத்துலயே நிக்கிறேன்” என்றார். பெரிய படிப்புப் படித்தவர் என்று பேச்சு. அன்றைக்குத்தான் அது வீண்போகவில்லை என்று எனக்குப் பட்டது.

ஊர்வலத்தை எங்கள் ஊரில் வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கிவிடுவோம், இருட்டினால் சப்பரத்தின் உச்சி கரண்டு வயரில் தட்டும் என்று பயம். தோளில் சுமக்கும் சப்பரம். வீட்டுக்கு வீடு நிற்கும். வீட்டுக்காரர்கள் மாலை போடுவார்கள், மெழுகுவர்த்தி கொடுப்பார்கள், உப்பும் மிளகும் வீசி வேண்டிக்கொள்வார்கள். சாவு விழுந்த வீட்டு முன்னால் மட்டும் அந்த வருடம் நிற்காது. கொட்டுமேளத்தை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் கடந்து போவோம். அந்த வீட்டுக்காரர்களும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். துக்கத்துக்கு நாங்கள் காட்டும் மரியாதை அது. அன்றைக்கு வரை நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தோனியார் வெறுங்கையோடு வந்தார். பூ அலங்காரம் செய்தவர்கள் பார்க்கச் சங்கடப்பட்டு அந்தக் கையில் செவ்வந்திப் பந்து ஒன்றைச் செருகியிருந்தார்கள். அது முதல் தெருவிலேயே விழுந்துவிட்டது. சகாயமேரி வீடு நெருங்கியது. கொட்டு நின்றது. தூக்குகிறவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள். அப்போது கதவு திறந்தது.

அவள் வாசலில் வந்து நின்றாள். பின்னால், திருவிழாவுக்கு ஊர் வந்திருந்த ஆரோக்கியராஜ் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். நிற்காமல் போவது வழக்கம். நின்றால் நாட்டாமை கேட்பார். யோசிக்க நேரமில்லை.

“தோள் மாத்தணும், எறக்குங்கப்பா!” என்று கத்தினேன்.

“இப்பத்தான மாத்துனோம்?” என்றார் நாட்டாமை.

“தோள் வலிக்குதுங்க.”

“நீங்க தூக்கவே இல்லியே உபதேசியாரே!”

“பாத்துப் பாத்தே வலிக்குது. எறக்கச் சொல்லுங்க.”

சாமி என் பக்கத்திலிருந்து, “எறக்குங்க, எறக்குங்க, எனக்கும் வலிக்குது” என்றார். சப்பரம் தாங்குகட்டைகளின்மேல் இறங்கியது.

சகாயமேரி கிட்டே வந்தாள். அந்தோனியாரின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். எதையோ ஏந்திக்கொண்டிருப்பதைப் போலவே அந்தக் கை வளைந்து நின்றது. உள்ளங்கையில் முளை இருந்த ஓட்டை. பிள்ளை போன பிறகும் கைக்கு மடங்கியே இருக்கத்தான் தெரிந்திருந்தது. அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

“ஒங்களுக்கும் இப்படித்தானா?” என்றாள்.

பிறகு அழுதாள். அழகாக, அடக்கமாக அழுத அழுகை இல்லை. மழைக்காலத்திலிருந்து உள்ளே கிடந்தது எல்லாம் ஒன்றாக வந்தது. தெருவில் உட்கார்ந்து, “எம்புள்ள, எம்புள்ள” என்று தரையில் அடித்து அழுதாள். ஆரோக்கியராஜ் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், அவனும் அழுதான். கோயில் சங்கத்துப் பெண் ஒருத்தி முன்னால் வந்து, “அழாத ஆத்தா, அவன் சம்மனசு...” என்று ஆரம்பித்தாள். என் மனைவி அவள் கையில் உப்புப் பொட்டலத்தைத் திணித்து, “இந்தா, நீ இதப் புடி” என்று பின்னால் இழுத்துக்கொண்டாள். நான் அழுததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் மறுக்கப் போவதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது இடுப்பில் குழந்தை இயேசு இருந்தார். கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, ஒரு பக்கம் முழுக்கப் பட்டன், நெஞ்சில் சின்னதாக ஒரு பாக்கெட்கூட.

ஊர் வாயைப் பிளந்தது. நாட்டாமைதான் முதலில் மீண்டார். “இது எப்படி இந்த வீட்டுல...”

“பாத்தீங்களா!” என்று நான் முந்திக்கொண்டேன். “கண்டுபிடிச்சுட்டாரு! நான் சொல்லல?”

“அதுக்கில்ல, இது எப்படி இங்க...”

“அவரு கண்டுபிடிச்ச எடத்த நாம விசாரிக்கிறது முறையா நாட்டாமை?” என்றார் சாமி.

நாட்டாமை சகாயமேரியைப் பார்த்தார். அவள் கண்கள் வீங்கியிருந்தன. போலீஸ் மூளை என்று சொன்னேன், அதற்குள்ளும் ஒரு மனுசன் இருந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, “அதெல்லாஞ் சரி” என்றார். “குழந்த யூனிபாரம் போட்டிருக்கே?”

“பள்ளிக்கூடந்தான் தொறந்துருச்சுல்ல” என்றார் சாமி.

ஆரோக்கியராஜ் வீட்டுக்குள்ளிருந்து அந்த ஸ்டூலைக் கொண்டு வந்து போட்டான். நான் உதவிக்குக் கை நீட்டினேன். “எனக்குத் தெரியும், நானே மாட்டுறேன்” என்றாள். ஏறி நின்று, முளையை ஓட்டையில் வைத்து, மகன் காட்டியபடி திருகினாள். சட்டையை இழுத்துவிட்டாள். இறங்குவதற்கு முன்னால் அந்தோனியாரிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம் பிள்ளையை விட்டுப்போகிறவளைப் போல, சொன்னாள்: “சும்மா தூக்கியே வச்சுக்கிட்டிருக்காதீங்க. கால் மரத்துப் போகும். அப்பப்ப எறக்கி விடுங்க. அங்கிட்டு எம்புள்ளயுந் தனியாத்தான் இருக்கான். ரெண்டும் சேந்து வெளாடட்டும்.”

சப்பரம் எழுந்தது. அன்று வழக்கத்தை மீறி அந்த வாசலிலேயே கொட்டு அடிக்கத் தொடங்கினார்கள், யாரும் தடுக்கவில்லை.

அதோடு அவளுக்கு விசுவாசம் திரும்பி வந்துவிட்டது என்று யாரும் முடித்துவிடாதீர்கள். எனக்கு அப்படி முடிக்கத் தெரியாது. ஏன் அவளுடைய பிள்ளை, ஏன் அந்தக் காய்ச்சல் என்று அவள் கேட்டதற்கு இன்றுவரை பதில் கிடையாது, என்னிடம் இல்லை, பெரிய படிப்புப் படித்த சாமியிடமும் இல்லை. அவள் இப்போதும் அந்தோனியாரோடு சண்டை போடுகிறாள். ஆனால் கோயிலுக்கு வந்து போடுகிறாள். அவர் கேட்கிறார் என்று நம்பாதவள் அவ்வளவு தூரம் நடந்து வந்து திட்ட மாட்டாள். என் கணக்கில் அதுவும் செபம்தான். என் சர்வீசில் நான் கேட்ட செபங்களில் அதைவிட மனப்பூர்வமானது குறைவு.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என் இடத்துக்கு வரப்போகிற பிள்ளை இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னார்கள். அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒரு வேலைக்குறிப்பு. செவ்வாய்க்கிழமை நவநாள் தொடங்குவதற்கு முன்பே சகாயமேரி வருவாள். நேராகப் பீடத்துக்குப் போய்க் குழந்தையைக் கழற்றிக் கீழே இறக்குவாள். ஈரத்துணியால் துடைப்பாள். பாயில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செபம் முழுவதும் இருப்பாள். முடிந்ததும் திரும்ப மாட்டிவிட்டுப் போவாள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை, நாட்டாமைகூட அந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். நீயும் ஒன்றும் சொல்ல வேண்டாம். புதிதாக வரும் சாமி யாராவது, சுரூபம் ஆடுகிறதே, பசை போட்டு ஒட்டிவிடலாமே என்றால், சரிங்க சாமி என்று சொல்லிவிட்டு மறந்துவிடு. திங்கட்கிழமை சாயங்காலம் மறக்காமல் அந்த முளைக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு வை. மழைக்காலத்தில் மரம் ஊறி இறுகிக்கொள்ளும், அப்போது இரண்டு சொட்டு விடு.